கட்டம் சேராத கோட்டு

மிலிட்டரி,

இன்று காலையில் தையல் கடையில் ஒரு பார்சலைப் பிரித்தேன். ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடம் இந்த வருஷம் யூனிஃபார்மை மாற்றுகிறதாம். அரக்குச் சிவப்பில் பச்சைக் கோடும் மஞ்சள் கோடும் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிற கட்டம். சாக்கைக் கிழித்ததும் கஞ்சி வாசனை குப்பென்று அடித்தது. புதுக் கைலியை முதல் தடவை உதறும்போது வருமே, அதே வாசனை. அதற்கப்புறம் எனக்கு வேலை ஓடவில்லை. கத்திரியை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பட்டனுக்குக் காஜா எடுக்கிற பெண் மேலுக்கு முடியலையா பாய் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லி அவளை டீ வாங்க அனுப்பினேன். உன்னோடு பேச வேண்டும் போலிருந்தது. நீ இல்லை, அதனால் எழுதுகிறேன்.

உன் பெயரைச் சொல்லி நான் கூப்பிட்டதெல்லாம் பள்ளிக்கூடத்தோடு சரி. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கினோம். பிறகு நீ பட்டாளத்துக்குப் போனாய், நான் வாப்பாவின் தையல் மிஷினுக்குப் போனேன். பென்ஷனோடும் மீசையோடும் நீ ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பி வந்தபோது கையில் ஒரு விநோதமான வாத்தியம் இருந்தது. தோல் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒரு குழலை வாயில் வைத்து ஊத, தோளுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கிற மற்றக் குழல்கள் ஓயாமல் ரீங்காரம் போடும். வெள்ளைக்காரன் விட்டுப் போன பழக்கம், நம் பட்டாளத்தில் இன்னும் அந்த பேக்பைப்பை வாசிக்கிறார்கள் என்று சொன்னாய். ஏழெட்டு ஆட்களைச் சேர்த்து பேண்டு செட் ஆரம்பித்தாய். கல்யாண ஊர்வலம், சர்ச் திருவிழா, பள்ளி ஆண்டு விழா என்று மம்சாபுரத்திலிருந்து தேவதானம் வரைக்கும் உன் வேன் போகாத தெரு இல்லை. செட்டுக்கு யூனிஃபார்ம் தைத்தது நான். சிவப்புக் கோட்டு, தங்க ஜரிகை, வெள்ளைக் கால்சட்டை. ஊரில் எல்லா பேண்டுக்காரர்களும் போடுகிறதுதான். அப்படியே இருந்திருந்தால் உனக்கும் எனக்கும் ஒரு வம்பும் இல்லை.

ஒருநாள் மத்தியானம் கடைக்கு வந்து நாலு துணிக்கட்டை மேசையில் போட்டாய். ஒன்று தடித்த போர்வைத் துணி, சிவப்பும் பச்சையுமாய்க் கட்டம். ஒன்று நீலக் கைலித் துணி. மூன்றாவது மெரூன் கட்டம், பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, பக்கத்துப் பெண்கள் பள்ளியின் பாவாடைத் துணி. நாலாவது மஞ்சளில் கறுப்புக் கட்டம் போட்ட சால்வை. நாலு கட்டமும் ஒன்றுக்கொன்று ஜென்மப் பகை. நாலு பேருக்குத் தனித்தனியாகத் தைக்கப் போகிறாய் என்று நினைத்து யார் யாருக்கு அளவு என்று கேட்டேன்.

அம்புட்டும் எனக்குத்தான் என்று நீ சொன்னாய். போர்வையில் கோட்டு, கைலியில் உள்ளே போடும் கையில்லாத கோட்டு, பாவாடைத் துணியில் காலை ஒட்டின கால்சட்டை, மேலே தோளைச் சுற்றிச் சால்வை. மிச்சம் இருக்கிற துணியில் முழங்கால் வரைக்கும் காலுறையும் தைத்துவிடு என்றாய். உன் முகத்தைப் பார்த்தேன், விளையாட்டு இல்லை. வெயிலில் வந்ததில் தலைக்குள் ஏதாவது ஆகிவிட்டதோ என்றுகூட நினைத்தேன், அல்லாஹ் அறிய.

அப்போதுதான் போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினாய். சர்வீஸில் இருந்தபோது பேண்டோடு ஸ்காட்லாந்து போயிருந்தாயாம். அங்கே ஒரு பெரிய கூடத்தில் ஆள் உயரத்துக்கு மாட்டியிருந்த பழைய ஓவியமாம், முந்நூறு வருஷம் இருக்கும் என்றாய். இடுப்பில் கை வைத்து ஒரு மனிதன் நிற்கிறான். கோட்டு ஒரு கட்டம், உள்கோட்டு ஒரு கட்டம், கால்சட்டை வேறொரு கட்டம், தோளில் கிடக்கிற துணி இன்னொரு கட்டம், காலுறை அதற்கும் மேலே. தலையிலிருந்து கால்வரை அவன் உடம்பில் கட்டம் இல்லாத இடம் முகம் மட்டும்தான். எனக்கு ஸ்காட்லாந்துக்காரனைத் தெரியும், பிஸ்கட் டப்பாவில் பார்த்திருக்கிறேன். கட்டம் போட்ட பாவாடை கட்டியிருப்பான், ஆனால் மேலே கண்ணியமாகக் கறுப்புக் கோட்டு இருக்கும். அதைச் சொன்னேன். அது பின்னால் வந்த வழக்கம், அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் இப்படித்தான் உடுத்தினார்கள் என்றாய். உன்னோடு அந்தப் படத்தைப் பார்த்த பட்டாளத்துக்காரர்கள் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம். நீ மட்டும் நகரவே இல்லையாம்.

"இவனப் பாரு பாய்," என்றாய். "ஒரு மைலுக்கு அங்கிட்டு நின்னாலும் தெரிவாம்ல."

நம் ஊரில் கட்டம் என்றால் கைலி. அது உனக்குத் தெரியாதா? கைலி வீட்டுக்கு, வயலுக்கு, டீக்கடைக்கு. எங்கள் ஆட்கள் பள்ளிவாசலுக்குக் கட்டி வருவார்கள், அதிலும் பெரியவர்கள் வெள்ளைக் கைலியைத்தான் மரியாதை என்பார்கள். கைலியோடு பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை இந்த ஜில்லாவில் இல்லை. கைலியோடு பேங்க்குக்குப் போனால் வாட்ச்மேன் ஏற இறங்கப் பார்ப்பான். அந்தத் துணியை எடுத்துக் கோட்டாகத் தைத்து, அதைப் போட்டுக்கொண்டு பிறத்தியார் கல்யாணத்துக்குப் போவேன் என்கிறாய். தைக்க மாட்டேன் என்று கட்டை உன் பக்கம் தள்ளினேன். நீ திரும்ப என் பக்கம் தள்ளினாய். துணி இங்கேயும் அங்கேயும் நாலைந்து தரம் போய் வந்தது. கடைசியில் நான்தான் டேப்பை எடுத்தேன்.

அதைவிடப் பெரிய இடி துணி வெட்டுகிற அன்று விழுந்தது. என் கடையில் கட்டம் போட்ட சட்டை தைத்தால் பாக்கெட் எங்கே இருக்கிறது என்று கையால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கோட்டுக்குக் கோடு அப்படிச் சேர்ந்திருக்கும். பக்கத் தையலில், தோளில், கையில், எங்கேயும் கட்டம் முறியாது. என் வாப்பா எனக்கு விட்டுப் போன சொத்து அது ஒன்றுதான். நீ பக்கத்தில் நின்றுகொண்டு கட்டத்தைச் சேர்க்காதே என்கிறாய். படத்தில் கையை மூலைவாக்கில் வெட்டியிருக்கிறார்கள், உடம்பை நேராக வெட்டியிருக்கிறார்கள், ஒன்றோடு ஒன்று சேரவே இல்லை, அப்படித்தான் வேண்டும் என்கிறாய். எனக்கு வந்த கோபத்தில் கத்திரியைக் கீழே போட்டுவிட்டேன். என் கடைப் பெயர்ப் பட்டியை இந்தக் கோட்டில் வைக்க மாட்டேன், யாராவது கேட்டால் சிவகாசியில் தைத்தது என்று சொல் என்றேன். நீ சிரித்தாய்.

கடைக்கு வருகிறவர்கள் கண்ணில் படாமல் இருக்க, திரைக்குப் பின்னால் உட்கார்ந்து தைத்தேன். திருட்டு வேலை செய்கிறவன் மாதிரி இருந்தது. போட்டுப் பார்க்க நீ வந்தபோது, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிற உன் பெண்டாட்டியையும் கூட்டி வந்திருந்தாய். நீ திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து நின்றதும் அவள் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு என்னிடம் திரும்பி, உங்க கூட்டாளிக்குத்தான் கிறுக்குப் பிடிச்சிருக்கு, நீங்களும் சேந்து தைக்கீகளே அண்ணே என்று சொல்லிவிட்டுப் போய் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டாள். உன்னோடு ஒரே பஸ்ஸில் ஏறினாளே தவிர, பக்கத்தில் உட்காரவில்லை என்று நீயே பிறகு சொன்னாய்.

அந்தக் கல்யாணத்தை நீ இப்போது நினைத்தாலும் சிரிப்பாய். ராஜபாளையத்தில் மில் வைத்திருந்த ஒருவர் வீட்டுக் கல்யாணம். மில்லுக்கு மிஷின் பூட்ட வந்திருந்த ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் ஸ்காட்லாந்துக்காரர். அவரைக் குளிரவைக்க வேண்டும் என்றுதான் முதலாளி உன் செட்டைப் பிடித்தார். ஊர்வலத்துக்கு முன்னால் பேக்பைப் ஊத வேண்டும், விருந்தாளி அசந்துபோக வேண்டும். சிவப்புக் கோட்டு வரும் என்று அவர் காத்திருந்தார். தையல் எங்கேயாவது விட்டுவிடுமோ என்ற பயத்தில் ஊசி நூலோடு நானும் வேனில் வந்திருந்தேன். உன் ஆட்கள் வழக்கம்போலச் சிவப்பில் இறங்கினார்கள். கடைசியில் நீ இறங்கினாய்.

மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கிறவர் செம்பைச் சாய்த்தபடி நின்றுவிட்டார். அப்புறம் எங்கிருந்தோ ஒருவன், "ஏலே, போர்வையச் சுத்திக்கிட்டு எந்திரிச்சு வந்துட்டாம்ல" என்றான். அவ்வளவுதான், கூட்டம் வெடித்தது. பெண்கள் பள்ளியில் படிக்கிற பிள்ளைகள் நாலு பேர் உன் கால்சட்டையைக் கையைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள், அவர்கள் பாவாடையல்லவா அது! முதலாளி முகம் கறுத்துப் போய் வேகமாக வந்தார். தெலுங்கில் ஏதோ முணுமுணுத்துவிட்டு, கைலியில் வந்து என் விருந்தாளியை அவமானப்படுத்துகிறாயா, போய் மாற்றிக்கொண்டு வா, இல்லாவிட்டால் வேனைத் திருப்பு என்றார். வேனுக்குள் உட்கார்ந்திருந்த எனக்கு வியர்த்து ஊற்றியது. நீயோ தோல் பையில் காற்று ஏற்றிக்கொண்டு நின்றாய்.

அதற்குள் அந்த வெள்ளைக்காரரே வெளியே வந்துவிட்டார். எல்லோரையும்விட அதிர்ந்து போனது அந்த மனிதர்தான். ஏற்கெனவே சிவந்த முகம், இன்னும் சிவந்தது. நீ பட்டாளத்து இங்கிலீஷில் அவரிடம் பேசினதையும் அவர் சொன்னதையும் பிறகு எனக்கு விளக்கினாய். இது தப்பு என்றாராம். எங்கள் ஊரில் யாரும் இப்படி உடுத்த மாட்டார்கள், ஒரே ஒரு கட்டம்தான், அது இடுப்பில் மட்டும்தான், கோட்டு கறுப்பாக இருக்க வேண்டும், இது சர்க்கஸ் கோமாளி வேஷம் என்றாராம். அவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசினதைப் பார்த்தே, அந்த ஊர்க்காரனே திட்டின பிறகு உனக்கு வாய் இருக்குமா என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். நீ போனை நீட்டினாய். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். படத்துக் கோட்டைப் பார்த்தார், உன் கோட்டைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். கட்டம் சேராத அந்தக் கையைத் தொட்டுக்கூடப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னாராம், இது எங்கள் முப்பாட்டன்மார்தான், ஆனால் இவர்களுக்கு என்ன ஆகியிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லிவிட்டு அடக்க மாட்டாமல் அவரும் சிரித்தார். விருந்தாளி சிரித்ததைப் பார்த்த பிறகுதான் முதலாளிக்கு மூச்சு வந்தது.

ஊர்வலம் போகிற வழியெல்லாம் சிரிப்புதான். மாடியிலிருந்து சிரித்தார்கள், பஸ் ஜன்னலிலிருந்து தலையை நீட்டிச் சிரித்தார்கள். உனக்காக எனக்கு அவமானமாக இருந்தது. வேனில் திரும்பும்போது அதை உன்னிடம் சொன்னேன். நீ துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "சிரிக்கட்டும் பாய். பாத்தாங்கள்ல" என்றாய். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மெத்தப் படித்த கிறுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் உன்னைக் கட்டத்தோடுதான் பார்க்க முடிந்தது. கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் பஸ்ஸில் போகிற பிள்ளைகள் உன்னைப் படம் எடுத்து நெட்டில் போட்டார்கள். அதன் கீழே கடல் தாண்டியிருந்து யார் யாரோ எழுதினார்கள். சோபா எழுந்து நடக்கிறது என்று ஒருவன், கண் வலிக்கிறது என்று ஒருத்தி, எங்கள் பரம்பரையைக் கேலி செய்கிறான் என்று இன்னொருவன். அவன் பரம்பரையைப் போட்டுக்கொண்டுதான் நீ நிற்கிறாய் என்பது அவனுக்கே தெரியவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ ஒவ்வொன்றையும் எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டி ரசித்தாய். சர்ச் திருவிழாவுக்கும் நீ அதே உடுப்பில் போனபோது, சர்ச் கமிட்டியில் இருக்கிற உன் அண்ணன் வரிசையிலிருந்து விலகி வீட்டுக்குப் போய்விட்டார். தங்கச்சி ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை.

அப்புறம் வயிற்றில் கட்டி என்றார்கள். மதுரைக்குப் போனாய், வந்தாய், மறுபடி போனாய். ஒவ்வொரு தடவையும் கடைக்கு வந்து பெஞ்சில் உட்காரும்போது உன் சட்டை உன்னைவிடப் பெரிதாகிக்கொண்டே வந்தது. தையல்காரன் கண்ணுக்கு அது டாக்டர் சொல்வதற்கு முன்பே தெரிந்துவிடும். கடைசியாக நீ வந்தபோது தேறிவிட்டதாகத்தான் சொன்னாய், இட்லி நாலு சாப்பிட்டேன் என்றாய். நான் நம்பினேன்.

அதனால்தான் அந்தப் போன் வந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் அதுதான் உண்மை. காலை நேரம். தங்கச்சி பேசினாள். குரல் கட்டியிருந்தது, சளி என்று நினைத்துக்கொண்டேன்.

"அந்தக் கட்டக் கோட்டு அவியளுக்குப் பெருசா இருக்கு அண்ணே," என்றாள். "செத்த வந்து பிடிச்சுக் குடுத்துட்டுப் போங்க."

இவ்வளவுதான் சொன்னாள். நான் என்ன நினைப்பேன்? உடம்பு தேறி ஏதோ கல்யாணத்துக்கு ஒத்துக்கொண்டிருக்கிறாய், கோட்டு தொளதொளவென்று இருக்கிறது, அதுவும் அந்தக் கோட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிற தங்கச்சியே கூப்பிடுகிறாள், நல்ல காலம் வந்துவிட்டது என்று நினைத்தேன். இந்தா வாரேன் என்று சொல்லி ஊசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு பழைய பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினேன். வழியெல்லாம் உன்னை எப்படிக் கேலி செய்வது என்றுதான் யோசனை. பிடித்து எடுக்கிற துணியில் உனக்கு ஒரு கோவணம் தைத்துத் தருகிறேன் என்று சொல்லலாம் என்று வைத்திருந்தேன். உன் தெருமுனையில் திரும்பினேன். பந்தல் போட்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆட்கள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். உன் செட்டுக்காரர்கள் சிவப்புக் கோட்டில் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் என் கையிலிருந்த ஊசிப் பெட்டியை வாங்கிக்கொண்டான்.

உள்ளே உன்னை வெள்ளை வேட்டி போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் அந்தக் கோட்டு மடித்து வைத்திருந்தது. உன் அண்ணன் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். கட்டக் கோட்டு வேண்டாம் என்று அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது, அதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். உங்கள் ஆட்களில் ஆணைக் கோட்டு சூட்டோடு பெட்டியில் வைப்பதுதான் மரியாதை, கறுப்போ சாம்பலோ. கைலித் துணியைப் போட்டு ஆண்டவரிடம் அனுப்பினால் நாளைக்கு ஊர் நம் குடும்பத்தை என்ன சொல்லும் என்றார். உயிரோடு இருந்தபோது சிரித்தது போதாதா, செத்த பிறகுமா என்று கேட்டார். போதகர் இது குடும்பத்தார் முடிவு என்று ஒதுங்கிக்கொண்டார். எல்லோரும் தங்கச்சியைப் பார்த்தார்கள். அவள் உன் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள், எழுந்திருக்கவில்லை.

"மச்சான், உங்களுக்கும் தெரியாது, இந்தா நிக்காகளே பாய் அண்ணன், இவியளுக்கும் தெரியாது. ஏங்கிட்டயே ஆசுபத்திரியில வச்சுத்தான் சொன்னாக," என்று உன் அண்ணனைப் பார்த்து ஆரம்பித்தாள். "சண்டை நேரத்துல பேண்டுக்காரவுக ஊத மாட்டாகளாம். ஸ்ட்ரெச்சரத் தூக்கிக்கிட்டு அடிபட்டுக் கெடக்கவுகளத் தேடிப் போவாகளாம். ஒரு மலைக்காட்டுல கூட்டாளி ஒருத்தரத் தேடியிருக்காக. அவர் பக்கத்துலயே ரெண்டு தடவ கடந்து போயிருக்காக. பச்ச உடுப்பு, புதரோட புதராத் தெரியவே இல்லையாம். மறுநா கண்டுபிடிச்சப்போ உயிர் இல்ல. அந்தப் படத்துல இருந்தவனப் பாத்ததும் நெனச்சாகளாம், இவன் எங்க விழுந்து கெடந்தாலும் யாரும் தாண்டிப் போக மாட்டாங்கன்னு."

உன் அண்ணன் வாசலை விட்டு விலகித் தரையில் உட்கார்ந்தார். மிலிட்டரி, ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் நான். எத்தனை வருஷம் என் கடையில் டீ குடித்திருப்பாய், எவ்வளவு கதை பேசியிருப்போம். இதைச் சொல்லாமல் எப்படிச் சிரித்துக்கொண்டிருந்தாய்? எனக்கு உன்மேல் கோபமாக வந்தது. இன்றைக்கும் அந்தக் கோபம் தீரவில்லை.

எங்கள் வழக்கத்தில் தைக்காத வெள்ளைத் துணியில்தான் சுற்றுவோம். கடைசி உடுப்பில் தையல்காரனுக்கு வேலையே கிடையாது. நான் அந்த அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உன் பக்கத்தில் உட்கார்ந்து கோட்டைப் பிரித்தேன். செட்டுக்காரர்கள் இரண்டு பேர் உன்னைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார்கள். உன் முதுகில் கை வைத்து அளவு பார்த்தேன், எலும்புதான் கையில் பட்டது. பக்கத்தில் ஒரு பிடி, முதுகில் ஒரு பிடி, தோளில் ஒரு பிடி. ஊசி ஓடிக்கொண்டே இருந்தது, கண்ணில் தண்ணீர் மறைக்கும்போது கை பாட்டுக்குத் தைத்தது. முடித்துவிட்டு முதுகைப் பார்த்தால் தூக்கிவாரிப் போட்டது. கட்டம் கோட்டுக்குக் கோடு அச்சாகச் சேர்ந்திருந்தது. நான் நினைத்துச் செய்யவில்லை, பழகின கை. முதுகுப் பக்கம், பெட்டியில் படுத்த பிறகு யார் பார்க்கப் போகிறார்கள்? விட்டிருக்கலாம். பிளேடை எடுத்து முழுக்கப் பிரித்தேன். விரல் அகலம் தள்ளி, கட்டம் முறிகிற மாதிரி மறுபடி தைத்தேன். வெளியே அவசரப்படுத்தினார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக நான் எதையும் கோணலாகத் தைத்ததில்லை.

பெட்டியைப் பந்தலில் வைத்தார்கள். கோட்டு, உள்கோட்டு, கால்சட்டை, காலுறை, தோளில் மஞ்சள் சால்வை. பகல் வெளிச்சத்தில் நீ தகதகவென்று கிடந்தாய். நான் தலைமாட்டில் நின்றுகொண்டேன். யாராவது பல்லைக் காட்டினால் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துவிடுவது என்று முடிவோடு நின்றேன். வரிசையாக வந்தார்கள். உன்னை வேனோடு திருப்பி அனுப்பப் பார்த்த மில் முதலாளி வந்தார். கைலிக் கோட்டு என்று உனக்குப் பெயர் வைத்த டீக்கடைக்காரர் வந்தார். உன் படத்தைப் போட்ட காலேஜ் பிள்ளைகள் இரண்டு பேர் வந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். குனிந்து பார்த்தார்கள், நின்றார்கள், போனார்கள். சிரிக்கவில்லை. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

அதுதான் மிலிட்டரி, என்னால் தாங்க முடியாமல் போனது. அந்த உடுப்பைப் பார்த்துச் சிரிக்காத கூட்டத்தை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. போனில் தெரியவில்லை, பந்தலைப் பார்த்தபோது முழுசாகத் தெரியவில்லை, உன் முதுகைத் தொட்டபோதுகூட ஏதோ அளவு எடுக்கிற மாதிரித்தான் இருந்தது. இத்தனை பேர் இத்தனை கட்டத்தைப் பார்த்துவிட்டு உதட்டைக்கூட அசைக்காமல் நகர்ந்து போனபோதுதான், நீ செத்துப்போய்விட்டாய் என்று எனக்கு உறைத்தது.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை மூடுவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை பார்த்தேன். பள்ளிக்கூடப் பாவாடையில் கால்சட்டை, போர்வையில் கோட்டு, மீசை வேறு. எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். போதகர் ஜெபத்தை நிறுத்திவிட்டார். கூட்டம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. பாய்க்கு மூளை கலங்கிவிட்டது என்று யாரோ என் கையைப் பிடித்தார்கள். எதிர்ப்பக்கம் தங்கச்சி என்னைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் அணைத்துக்கொண்டார்கள். அவள் சிரித்தாள், நான் பார்த்தேன்.

அந்தச் சிரிப்பு இன்னும் என்னை விடவில்லை. பஸ்ஸில் வருகிறது, சாப்பிடும்போது வருகிறது, துணி வெட்டிக்கொண்டிருக்கும்போது வருகிறது. பக்கத்தில் இருக்கிறவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். என் மகன் டாக்டரிடம் காட்டலாமா என்று கேட்கிறான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் அதை அடக்குவதில்லை, மிலிட்டரி. யாராவது ஒருவர் உன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும்.